ஹூட் ரேக் நஸ்மியா

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மறு நுனியைக் கம்பிக்கு அடியால் விட்டு இழுக்கிறார் நஸ்மியா. நிற்பது ஜீப்பின் கூரைமேல். பதுளை நகரத்து ஒடுங்கிய ஒழுங்கையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து ஸலாம் சொல்கிறார்கள். வாய் திறந்தால் கயிறு நழுவிவிடும். ஆகவே பதில் ஸலாமை முழங்கையால் சொல்கிறார்.

ஐம்பதைத் தாண்டியவர். திரைச்சீலை தைப்பது தொழில். பதுளையில் பாதி வீடுகளின் ஜன்னல் அகலம் அவருக்கு மனப்பாடம். கணவர் பஸீலுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லீவு கிடைத்தால் போதும், தையலை நிறுத்தி, கடையைப் பூட்டிவிட்டு இருவரும் ஏதாவதொரு மலையில் கூடாரமடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஓட்டுவது பஸீல். சாமான் கட்டுவது நஸ்மியா. இந்த ஏற்பாட்டில் அதுவரை எந்த மாற்றமும் இருந்ததில்லை.

ஜீப்பின் தலையில் பொருத்திய இரும்புச் சட்டத்தை ஊரில் ஹூட் ரேக் என்பார்கள். நஸ்மியாவுக்கு அது வீட்டின் இன்னோர் அறை. தண்ணீர்க் கேன், காஸ் குக்கர், மெத்தை, தொழுகைப் பாய், எல்லாம் மேலேதான். மிக்ஸியில் அரைத்த தேங்காய்ச் சம்பல் தொண்டையில் இறங்காது என்பதால் ஒரு சிறிய அம்மியும் உண்டு. மழைக்குத் தறப்பாளை விரித்து மூடிக் கட்டியதும் மூட்டையை இரண்டு கையாலும் உலுக்குவார். கொஞ்சம் அசைந்தாலும், "இன்னம் மூச்சு விடுது" என்று அவிழ்த்து முதலிலிருந்து கட்டுவார். ஒருமுறை பலாமரக் கிளையொன்று மேலிருந்த தலையணைகளை வாரிக்கொண்டது. அதற்குக்கூட மரத்தைத்தான் ஏசினார்.

"பாரம் தலைக்கு மேல ஈக்கணும். அப்பதான் நெனவு ஈக்கும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அப்படியிருக்க ஒருநாள், பஸீல் எங்கோ போய் ஒரு ட்ரெயிலரைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்னால் மாட்டினார். இரண்டு சக்கரம், பச்சைப் பெயின்ட், இழுத்து மூடும் மூடி. நஸ்மியா தையல் மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஜீப்புக்கு வால் மொளச்சீக்கி" என்றார்.

பஸீல் பொறுமையாகக் காரணங்களை அடுக்கினார். கூரையில் காற்றுப் பிடிக்காது, பெட்ரோல் மிச்சமாகும், வளைவில் வண்டி கப்பல் மாதிரி ஆடாது, கூடாரம் அடித்த இடத்தில் ட்ரெயிலரை விட்டுவிட்டு ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வரலாம். எல்லாம் நியாயமாகவே இருந்தன. அதுதான் நஸ்மியாவுக்குக் கூடுதலாகக் கோபத்தை மூட்டியது. தான் கட்டுவதில் என்ன பிழை கண்டார் என்று கேட்டார். ஒரு பிழையும் இல்லை என்றார் பஸீல். பிறகெதற்கு இது என்றார். பஸீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பதில் இல்லாதபோது அவர் செய்கிற வேலை அது.

அடுத்த லீவுக்கு நமுனுகுல மலைப் பக்கம் கிளம்பினார்கள். சாமான் முழுவதும் ட்ரெயிலருக்குள். கூரை வெறுமையாகக் கிடந்தது. தன் தலையில் முக்காடு இல்லாததுபோல் இருந்தது நஸ்மியாவுக்கு. ஸ்பிரிங்வெளி ஊர் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். ட்ரெயிலர் ஒரு குறையுமில்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்தது.

தேயிலைக்கு நடுவே ஒரு கொண்டை வளைவு. எதிரே கொழுந்து லொறி வந்து நின்றது. ஏற்றிய பாரத்தோடு அதனால் பின்னுக்குப் போக முடியாது. பஸீல்தான் போயாக வேண்டும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார், ட்ரெயிலர் வலப்பக்கம் போனது. வலப்பக்கம் திருப்பினார், அது இடப்பக்கம் போனது. மூன்றாம் தடவை அதன் ஒரு சக்கரம் பாதை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. ஜீப்பின் பின்பக்கம் மெல்லச் சரிந்தது. கீழே பள்ளத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இரு பக்கமும் விலகி ஓடினார்கள்.

நஸ்மியா குதித்து இறங்கினார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம் என்று பஸீலிடம் சொன்னார். பாதையோரக் கற்களை உருட்டி ஜீப்பின் சக்கரங்களுக்கும் ட்ரெயிலரின் நல்ல சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தார். ட்ரெயிலரின் முன்கட்டையில் வசமாக ஒரு கயிற்றைப் போட்டு மேட்டுப்பக்கத் தேயிலைக்கு நடுவே நின்ற சவுக்கு மரத்தில் இறுக்கினார். பிறகே அதை ஜீப்போடு பிணைத்த கொக்கியைக் கழற்றினார். லொறிக்காரரும் மேலேறி வந்த பெண்களும் கைகொடுத்தார்கள். எல்லோருமாகத் தூக்கித் தள்ளி அதை மேட்டோரம் ஒதுக்கினார்கள்.

பெண்களில் ஒருவர் ஜீவராணி. திறந்துபோன மூடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு ராத்திரி தங்கவா இம்புட்டும் கொண்டாந்தீங்க? எங்க லயத்து வரிசையில ஒரு வீட்டுச் சாமானே இவ்வளவுதாங்க" என்றார்.

"மூனு தலகாணிய வீட்டுல விட்டுட்டுத்தான் வந்த" என்றார் நஸ்மியா. பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஜீப் பின்னுக்குப் போய் வழி விட்டதும் லொறி போனது. பெண்கள் மீண்டும் கொழுந்து பறிக்க இறங்கினார்கள். பஸீல் இன்னும் இருக்கையிலேயே இருந்தார். வென்ற மிதப்பில் நஸ்மியா ஜன்னலோரம் போய் நின்றார்.

"இப்ப செல்லுங்க. தலைப்பாரமா, வாலா?"

பஸீல் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"போன பெருநாள் லீவுல மேல நின்டு ஒங்கட கால் வழுக்கினிச்சே. நீங்க சிரிச்சிட்டு எழும்பினீங்க. நான் கீழ நின்டு பாத்துக்கிட்டு ஈந்தேன். அதுக்குப் பொறகு நீங்க ஏறுற நேரமெல்லாம் எனக்கு மூச்சு வாறல்ல. அதுக்குத்தான் இத வாங்கின."

நஸ்மியா ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தேயிலைக் கொழுந்தொன்றை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு கொக்கியை மாட்டுவதற்காகப் பின்பக்கம் போனார். மாட்டிவிட்டு உலுக்கிப் பார்த்தார். மீதி வழி முழுவதும் வளைவு வரும்போதெல்லாம் இறங்கி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக் கை காட்டினார். பஸீலும் அவர் கை காட்டிய பிறகே ஓட்டினார்.

மேலே, தோட்டத் துரையிடம் அனுமதி கேட்டு வைத்திருந்த புல்வெளியில் கூடாரம் எழுந்தது. மழை தூறி ஓய்ந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி விலகி, லயத்துக் கூரைகளும் அதற்கும் அப்பால் பதுளையும் தெரிந்தன. பஸீல் ஜீப்பில் சாய்ந்து நின்று தேநீர் குடித்தார்.

நஸ்மியா ஜீப்பின் பின்பக்க ஏணியில் ஏறத் தொடங்கினார். பஸீல் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பார்க்கிறார் என்பது நஸ்மியாவுக்குத் தெரியும். ஒவ்வொரு படியையும் இரண்டு கையாலும் பிடித்து, கால் ஊன்றியதா என்று பார்த்துப் பார்த்து, யாரோ வயதான ஒருவரைப்போல் ஏறினார். மேலே உட்கார்ந்தார். சாமான் ஏதும் இல்லாத அந்தச் சட்டத்தில் இருவர் தாராளமாக உட்காரலாம் என்பதை அன்றுதான் கண்டார். தனக்குப் பக்கத்து இடத்தின் கம்பிகளில் நின்ற மழைத்துளியைத் துப்பட்டாவின் நுனியால் துடைத்தார். பிறகு குனிந்து, பஸீலை நோக்கிக் கையை நீட்டினார்.