இடமிருந்து வலமாக

என் அலமாரியில் ஒரு சரித்திரப் புத்தகம் இருக்கிறது. பட்டாளத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி ஒன்றின் வரலாறு. மூட்டுவலிக்காரியின் வீட்டில் இதற்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கொட்டாஞ்சேனை அச்சகத்தில் இதன் பக்கங்களை அமைத்தவளே நான்தான். மற்ற எல்லாப் பிரதிகளிலும் ஒரு படத்தின் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என்னுடையதில் மட்டும் இல்லை. வேண்டுமென்றுதான் ஒட்டாமல் விட்டேன்.

அந்தப் பள்ளியில் பதினான்கு வருடம் பயிற்சி கொடுத்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில்தான் குடியிருக்கிறார். பட்டாளத்தில் அவரை 'ஸ்டாஃப்' என்பார்களாம். எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. விடிந்ததும் எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் சீனி வருத்தக்காரர், பிரஷர்காரர், மூட்டுவலிக்காரர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஆட்டிவைப்பார். கீழே கடற்கரை ரயில் போகும் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்கும். எங்களைப் பார்த்து நின்று "இடது கை மேலே!" என்பார், தூக்குவது தன் வலது கையை. பள்ளியில் முதல் நாள் படிப்பித்ததே அதுதானாம். "முன்னுக்கு நிக்கிறவன் கண்ணாடி மாதிரி நிக்கோணும் மகள். கொழம்புறதென்டா நாங்க கொழம்போணும், பாக்கிறவன் கொழம்பப்படாது" என்பார். அந்தப் பழக்கம் அவருக்கு எலும்புவரை ஊறிப்போயிருந்தது. ஓட்டோக்காரரிடம் வாயால் இடது என்று சொல்லிக் கையால் வலதைக் காட்டுவார். ஒருமுறை பாமன்கடைக்குப் புறப்பட்ட மனிதர் தெஹிவளை வரை போய்ச் சண்டை பிடித்துக்கொண்டு திரும்பினார். நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

பள்ளி தன் வரலாற்றை அச்சிட நினைத்தபோது அந்த வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. ஒரு தகரக் கொட்டகை, தாண்டிக் குதிக்க ஒரு மரக்குதிரை, நாலு கயிறு என்று தொடங்கிய இடம் அது. ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் ஆட்களை எடுத்து, வாட்டி வதக்கி, அவரவர் முகாமுக்கே ஆசிரியர்களாகத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் வரலாறு என்று எழுதிக்கொண்டு வந்த தாள்கட்டில் அதிகாரிகளின் பெயர்கள்தான் நிறைந்திருந்தன. வெள்ளைப் பனியனோடு வரிசையில் நின்ற ஏழு பயிற்றுநர்களின் படம் ஒன்று களஞ்சியத்திலிருந்து கிடைத்தது. அவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்டாஃபுக்குத் தெரிந்தது; இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகச் சொன்னார். அவரே படத்தின் இடது கோடியில் நின்றார். வலது கோடியில் நின்றவர் அவருடைய உயிர்ச் சிநேகிதர், காலிப் பக்கத்துச் சிங்களவர், யுத்தத்தில் இறந்தவர்.

அந்தச் சிநேகிதர் இறந்த பிறகு பிறந்த மகள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாயும் வீட்டிலிருந்த படங்களும் சுனாமியில் ஒரே நாளில் கடலோடு போய்விட்டன. ஸ்டாஃப் ஒரு மாதம் தொலைபேசியும் கையுமாக இருந்து அவளைத் தேடிப் பிடித்து, புத்தக வெளியீட்டுக்கு வரச் சொன்னார். "வாப்பாட மொகத்த அந்தப் புள்ள மொதல் தடவையாப் பாக்கப்போற" என்று மாடியில் எல்லாரிடமும் சொன்னார். தகப்பன் என்றால் அவர் வாய்க்கு வாப்பாதான்.

நான் என்ன செய்தேன்? படத்தில் ஏழு பேரும் ஒரு பக்கமாகக் கழுத்தைத் திருப்பி நின்றார்கள். பக்கத்தில் வைத்தபோது புத்தகத்துக்கு வெளியே பார்ப்பதுபோல இருந்தது. படத்திலுள்ளவர்கள் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பழக்கம். கணினியில் ஒரு சொடுக்கில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். பனியனில் எழுத்து ஏதும் இருந்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். எப்படித் திருப்பினாலும் ஒரேமாதிரித் தெரிகிற குறுக்கு வாள் சின்னம் மட்டும்தான் இருந்தது. முதல் பிரதி வந்ததும் ஸ்டாஃப் படத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "சோக்கா ஈக்கி" என்று மெச்சினார். இருக்கிறது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். பெயர்களை அவர் வாசிக்கவேயில்லை, அவருக்குத்தான் மனப்பாடமாயிற்றே. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியாக நின்றவருக்குத் திரும்பிய படம்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாடியில் அவர் "இடது கை மேலே" என்று வலது கையைத் தூக்கினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சகத்துக்கு ஓடி மூலப் படத்தை எடுத்துப் பார்த்தேன். 'இடமிருந்து வலமாக' என்று நான் போட்ட வரிசையில் இப்போது நடுவில் நின்றவர் ஒருவருக்குத்தான் சரியான பெயர். ஸ்டாஃபின் முகத்துக்கு நேரே 'காலஞ்சென்ற' என்று சிநேகிதரின் பெயர். அந்தப் பெண் வேறொருவர் முகத்தைத் தகப்பன் என்று வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

"யாரும்மா இதெல்லாம் பாக்கப் போறாங்க? பேசாம விடுங்க" என்றார் முதலாளி. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து சொந்தமாக அச்சகம் போட்டவர். திரும்ப அச்சடிக்கும் செலவு அவருக்கு. "ஒருத்தி பார்ப்பா" என்று சொல்லிவிட்டு நேரே ஸ்டாஃபின் வீட்டுக்குப் போனேன்.

"நான்தான் பிழை விட்டனான் ஸ்டாஃப்" என்றேன். ஏச்சுக்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர் படத்தைப் பார்த்தார். எழுந்து படத்திலுள்ளபடி கழுத்தைத் திருப்பி நின்று பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

"பேரையும் மாத்தாதீங்க, மொகத்தையும் மாத்தாதீங்க. கமாண்டை மாத்துங்க."

'வலமிருந்து இடமாக' என்று மூன்று மொழியிலும் சீட்டு அடித்தோம். மாடிக் கூட்டம் முழுவதும் முதலாளியோடு சேர்ந்து உட்கார்ந்து ஒட்டியது. ஸ்டாஃப் "வன், டூ" என்று எண்ணிக்கொண்டே ஒட்டவைத்தார்.

வெளியீட்டில் அந்தப் பெண் புத்தகத்தைத் திறந்து, சீட்டை வாசித்து, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எண்ணிக்கொண்டு போனாள். ஏழாவதில் விரல் நின்றது. படத்திலிருந்தவருக்கு விரிந்த காது. அவள் மற்றக் கையால் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். நான் வெளியே போய் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

போன மாதம் ஸ்டாஃப் தேத்தண்ணி குடிக்க வந்தபோது என் பிரதியை எடுத்துப் புரட்டினார். "இதில ஏன் ஒட்டல்ல?" என்று கேட்டார். என் பிழை எனக்கு மறக்கக்கூடாது என்றேன். அலமாரியில் மிச்சமிருந்த ஒரு சீட்டையும் எடுத்துக் காட்டினேன். இப்போதே ஒட்டட்டுமா என்று கேட்டேன். அவர் தன் முகத்துக்கு நேரே இருந்த 'காலஞ்சென்ற' என்ற சொல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒங்கட புத்தகத்தில நான் மௌத்தாப்போனவன், அவன் உசிரோட ஈக்கிறவன்" என்றார். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒட்டாதீங்க மகள். ஒரு புத்தகத்திலயாவது அவன் ஈக்கட்டும்."