நாலோடு நிறுத்தியவள்

பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறோம் என்று சொன்ன அன்று எங்கள் சொந்தத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பதினோரு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள் நான். யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க வாயைத் தீட்டி வைத்திருந்தேன். எல்லாரும் "நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள். என் பெரியம்மா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆம்பளப் புள்ளயா வந்தா, வயசுக்கு வந்ததும் அவன் முன்னால நீ முக்காடு போடணும். அத மட்டும் நெனப்புல வச்சுக்கம்மா" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழை வரும், துணியை எடுத்து வை என்பது போலத்தான் சொன்னார்.

அது உண்மைதான். ஆதரவற்ற பிள்ளையை வளர்ப்பது எங்கள் மார்க்கத்தில் பெரிய நன்மை. ஆனால் வளர்ப்பதால் மட்டும் ரத்த உறவு வந்துவிடாது. என் கையால் ஊட்டி வளர்த்த பையன் ஒருநாள் மீசை முளைத்து நிற்கும்போது, அவன் எனக்கு அந்நிய ஆண். காரைக்காலில் எங்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். என் சொந்த வீட்டில், என் மகன் படியேறும் சத்தம் கேட்டு நான் தலையை மூடிக்கொள்வதா? அன்று முழுக்க எனக்கு அந்த நினைப்புதான்.

என் கணவர் சண்டை போடத் தெரியாத மனிதர். விளக்கம் கேட்கத் தெரிந்தவர். நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு வயசு முடியறதுக்குள்ள அஞ்சு தடவ பால் குடிச்சா, குடுத்தவ அவனுக்கு உம்மா. ஒவ்வொரு தடவையும் புள்ள வயிறு நெறஞ்சு தானா வாய எடுக்கணும். அப்புறம் முக்காடெல்லாம் வேணாம்" என்றார்.

"பெக்காத எனக்குப் பால் எங்கேருந்துங்க வரும்?"

"அதையும் கேட்டேன். பெத்தாளா பெக்கலையான்னு சட்டக் கிதாபு கேக்கலையாம். பால் வந்தாச் சரியாம்."

இதற்குச் சுலபமான வழி ஒன்று குடும்பத்திலேயே இருந்தது. என் தம்பி மனைவி அப்போது ஏழு மாத கர்ப்பம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவளுடைய வீடு. அவள் என்னை மச்சி என்று கூப்பிடுவாள். கணவனின் அக்காளை எங்களில் அப்படித்தான் கூப்பிடுவது. "அதுக்கென்ன மச்சி, எம்புள்ளையோட சேத்து அதுக்கும் அஞ்சு தடவ குடுத்துட்டாப் போச்சு" என்றாள். அவள் கொடுத்தால் பையன் என் தம்பிக்குப் பால் பிள்ளையாகிவிடுவான். அப்போதும் அவன் முன்னால் எனக்கு முக்காடு தேவையில்லை. ஊரில் தத்தெடுத்த இரண்டு மூன்று வீடுகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

ஆனால் அப்படிச் செய்தால் நான் அவனுக்கு மாமி. அவன் எனக்கு மருமகன். பதினோரு வருடம் காத்திருந்தது மாமியாவதற்கா? "ஒன் வேலையப் பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். எதற்கும் சிரிக்கிற பெண் அவள். எனக்கு அது அப்போது பிடிக்காது.

பாண்டிச்சேரியில் ஒரு பெண் டாக்டர், கர்ப்பமாகாத பெண்ணுக்கும் பால் வரவைக்கலாம் என்று முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். அவரிடம் போனோம். இதயத்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மாத்திரை எழுதினார். பால் எடுக்கும் மெஷினை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டும் என்றார். "நிறைய வரும்னு எதிர்பார்க்காதீங்க. வராமலும் போகலாம்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பாண்டிச்சேரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை வைத்தால், உள்ளே என்ன தைக்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமாம், தைக்கிறேன் என்றேன். ஆனால் புத்தி கெட்டுப்போய், கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் வாரம் இரண்டு முறை பால்சுறா வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கரையில் பால்சுறாவை யார் வாங்குவார்கள்? பிள்ளை பெற்ற வீட்டில், பால் ஊறுவதற்குப் புட்டு செய்ய வாங்குவார்கள். மூன்றாவது வாரம் அந்தம்மா கூடையை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கும்மா இந்த வூட்ல புள்ள பொறந்திருக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அதற்குப் பிறகு தைக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் அந்தம்மா எனக்கென்று சின்னச் சுறாவாகப் பொறுக்கி எடுத்து, வாழையிலையில் தனியாகச் சுற்றிக் கொண்டுவர ஆரம்பித்தார்.

ஐந்தாவது வாரம் மெஷினின் கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டு இருந்தது. வேர்வை என்றுதான் நினைத்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், இனித்தது. கடையில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன், பேச்சு வரவில்லை. அவர் பயந்து கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்து அந்த ஒரு சொட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பையன் வந்தபோது அவனுக்கு நான்கு மாதம். தம்பி மனைவியின் மகளுக்கு மூன்று. பாட்டிலுக்குப் பழகியவன், என் நெஞ்சருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏமாற்றுகிறாயா என்பது போல அழுதான். டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதன் ஒரு முனை பவுடர் பால் கிண்ணத்தில்; மறுமுனையைக் காம்போடு பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். பிள்ளை சப்பினால் என் பாலும் குழாய்ப் பாலும் சேர்ந்து வரும். அப்படியே பழகினான். ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பாதிக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு குடிப்பான். நான் கர்வம் தலைக்கேறி உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் குழாய் வைத்துக் குடித்ததை நான் எண்ணவில்லை. ஹஜ்ரத் என்ன சொல்வாரோ தெரியாது. எனக்குக் கலப்படம் வேண்டாம். விடியற்காலையில் மட்டும்தான் குழாய் இல்லாமல் அவன் வயிறு நிறையும் அளவுக்கு ஊறியிருக்கும், அதுவும் எல்லா நாளும் இல்லை. பெரும்பாலும் பாதியில் பால் நின்று, அவன் அழுதுகொண்டே வாயை எடுப்பான். அது சேராது. அவனாக, நிறைந்து, விட வேண்டும். அப்படி ஒருமுறை நடந்தால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காலண்டரில் ஒரு நட்சத்திரம் போடுவேன். ஏழு வாரத்தில் மூன்று நட்சத்திரம்.

அப்போதுதான் எனக்கு டெங்கு வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிள்ளையைத் தம்பி மனைவியிடம் விட்டிருந்தோம். பாட்டிலைத் தொடமாட்டேன் என்று அவன் அடம்பிடிக்கிறான் என்றார்கள். என் மார்பு வற்றிக்கொண்டு வருவதை என்னால் உணர முடிந்தது. டிரிப்ஸ் ஏறுகிற கையைப் பார்த்தபடி அழுதேன். காய்ச்சலுக்காக அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் ஆறுதல் சொன்னாள்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆட்டோவை நேரே அவள் வீட்டுக்கு விடச் சொன்னேன். பையன் அவள் மகளுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மச்சி, திட்டறதா இருந்தா மொதல்ல திட்டிடுங்க. இவனுக்கு நான் பால் குடுத்தேன்."

நான் குனிந்து, தூங்குகிற பையனின் வாயைப் பார்த்தேன்.

"ஒங்க வூட்டு மச்சான்தான் கேட்டாங்க. அவ ஒடம்பு இதுக்கு மேல தாங்காது, நீ அஞ்சு தடவ குடுத்து முடிச்சிடு, இதோட அவ இந்த மாத்திர மெஷினயெல்லாம் விடட்டும்னாங்க. அழுதுக்கிட்டே கேட்டாங்க மச்சி."

"எத்தன தடவ குடுத்தே?"

"நாலு."

"அஞ்சாவது?"

"அஞ்சாவதுக்கும் மடியில போட்டேன். வாயத் தொறந்துக்கிட்டு வந்தான். அன்னைக்கு ஒங்க அலமாரியில அவன் சட்டை எடுக்கப் போனப்ப அந்த மூணு நட்சத்திரத்தப் பாத்தேன்ல, அது நெனப்புக்கு வந்திடுச்சு. நான் எப்புடி மச்சி குடுப்பேன்?" பையன் பக்கம் திரும்பிப் போர்வையைச் சரிசெய்தாள். "அப்புறம் பாலாடைதான். பவுடர் பால ஊத்தி ஊத்திக் குடுத்தேன். துப்பினான். ரெண்டு மணி நேரம் கத்தினான். பால் கட்டி எனக்கு நெஞ்செல்லாம் வலிக்குது, அவன் கத்தறான், எம்மவளும் கத்தறா. குடுக்கல மச்சி. நாலோட நிறுத்திட்டேன்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் இரண்டு பிள்ளைகளும் எழுந்துவிட்டன. அவள்தான் முதலில் தேறினாள். "எம்மவளுக்கு ஒரு மாப்பிள்ள கையவிட்டுப் போகக்கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்று மூக்கை உறிஞ்சினாள். ஐந்தாவது முறையும் கொடுத்திருந்தால் அண்ணன் தங்கையாகியிருப்பார்களே, அதைச் சொல்கிறாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

கணவரோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே துறைமுகத்துக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்தார். அதுவரை மீன் பக்கமே கை வைக்காதவர். தோலை உரிக்கத் தெரியாமல் அப்படியே வேகவைத்து, மணலும் மீனுமாக ஒரு புட்டு செய்து கொண்டுவந்து நீட்டினார். "புள்ளைக்கு உம்மா வேணும்தான். எனக்கு நீ வேணும்ல? அந்தப் பயத்துல கேட்டுட்டேன்" என்றார். பல்லில் மணல் நறநறக்க முழுவதையும் சாப்பிட்டேன். இன்றுவரை நான் சாப்பிட்டதிலேயே மட்டமான புட்டு அதுதான். அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து மெஷின், மாத்திரை, குழாய். மூன்று வாரம் கழித்து நான்காவது நட்சத்திரம். ஐந்தாவதுக்கு எத்தனையோ விடியற்காலைகள் போயின. அது வந்தது ஒரு பகலில், நான் எதிர்பார்க்காத நேரத்தில். தம்பி மனைவி மகளோடு வந்திருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் குழாயை ஒட்ட மறந்து பையனை நெஞ்சோடு சேர்த்துவிட்டேன். குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கை தளர்ந்தது, முந்தானையை விட்டான், பிறகு வாயையும் விட்டான். கடைவாயில் ஒரு சொட்டு நின்றது. அது முழுக்க என்னுடையது.

"அஞ்சு," என்றாள் அவள். "நான் சாட்சி." எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அவளே நட்சத்திரத்தைப் போட்டாள். அது கோணல்மாணலாக இருக்கும்.

அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. குரல் உடைந்துகொண்டிருக்கிறது. மேலுதட்டில் அழுக்குப் போல ஏதோ தெரிகிறது, கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவிப் பார்க்கிறான். போன வாரம் தலைக்குக் குளித்துவிட்டு, கூடத்து மின்விசிறிக்கடியில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் யாரோ படியேறும் சத்தம், கனமான ஆம்பளைக் காலடி. கை தானாக முந்தானையைத் தேடித் தலைக்குப் போனது.

"உம்மா, பசிக்குது" என்றது அந்தப் புதுக் குரல்.

கையைக் கீழே இறக்கினேன். ஈரத் தலையோடு எழுந்துபோய் அவனுக்குச் சோறு போட்டேன்.