பிழை திருத்த ஆளில்லாத உடம்பு

தேவிகாவின் தம்பி முருகனின் அழைப்பு வந்தபோது மந்தைவெளி ரயில் நிலையப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா பூட்ச்சு சார்" என்றான். கண்ணோரத்தில் தொடங்கிய புற்று நுரையீரல்வரை போய்விட்டது அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆழ்வார்பேட்டையில் இருக்கும் எங்கள் மரபணு ஆய்வுக்கூடத்தில், சோதனை முடிவுகளைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை எனக்கும் தேவிகாவுக்கும். வெயில் பட்டால் தோலில் புற்று வரும் பிறவி நோய் அவருக்கு. வெயில் ஏறும் முன் வருவார், இருட்டிய பிறகே கிளம்புவார். இடையில் வெளியே போக வேண்டியிருந்தால் கையுறை, முகத்தை மூடும் கறுப்புத் தடுப்பு. மீன் விற்கும் குடும்பம். கடற்கரைக் குப்பத்தில் வீடு. பகலில் அவர் கடலோரம் நின்றதே இல்லை.

ஒருமுறை அதே நோயுள்ள குழந்தையோடு ஒரு தாய் வந்திருந்தார். தேவிகா தன் முகத் தழும்புகளைக் காட்டியே விளக்கினார். செல் இரண்டாகப் பிரியும் முன் அதிலுள்ள டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரிகின்றன. ஒவ்வொரு பழைய இழையையும் பார்த்து ஒரு புதிய இழை எழுதப்படுகிறது. வெயில் பட்டால் பழைய இழையில் எழுத்துகள்போல் வரிசையாக நிற்கும் மூலக்கூறுகளில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை ஒட்டிக்கொள்ளும். மற்றவர் உடம்பில் அந்த இடத்தை வெட்டி எடுத்துச் சரிசெய்ய ஏற்பாடு உண்டு. "நமக்கு அந்த ரிப்பேர் ஆள் இல்லம்மா. நகல் எடுக்கறப்ப அந்த எடத்துல தடுமாறி தப்பான எழுத்து விழுந்துடும். தப்பு சேந்து சேந்துதான் புத்துநோயாவுது" என்றார். குணமாகுமா என்று அந்தத் தாய் கேட்டார். ஆகாது என்றார் தேவிகா.

முருகனுக்கும் தாய்மாமன் மகளுக்கும் நிச்சயம் ஆனபோதுதான் வீடு உடைந்தது. இருவருக்கும் ஆசை. தேவிகாவின் பெற்றோரும் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். கெட்ட மரபணு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வந்து இவரிடம் சேர்ந்திருந்தது. முருகனும் அந்தப் பெண்ணும் சோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும் என்று தேவிகா பிடிவாதமாக நின்றார்.

"அப்ப ஒன்ன பெத்ததே தப்புன்றியா?" என்று அம்மா கேட்டாராம்.

"அது தெரியாம நடந்ததும்மா. இப்ப தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தா, அது தப்பு."

சோதனையில் இருவரிடமும் அந்த மரபணு இருந்தது. கல்யாணம் நின்றது. தன் மகளுக்குப் பெயர் கெட்டது என்று மாமன் உறவை அறுத்துக்கொண்டார். அதன் பிறகு அம்மா தேவிகாவுக்குச் சோறு போட்டார், பேசவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை என்று தேவிகா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

தேவிகா இறந்த அன்று நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மாமன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. உடலை எடுத்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் எழுந்தார்கள். அம்மா வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார். "பொழுது எறங்கட்டும். எம் பொண்ணுக்கு வெயிலு ஆவாது" என்றார். இனி வெயில் என்ன செய்யும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மாலைவரை எல்லோரும் காத்திருந்தோம்.

தேவிகா எந்தக் குடும்பத்திடமும் "பயப்படாதீங்க" என்று பேச்சைத் தொடங்கியதில்லை. முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார். அவர்கள் அழுது ஓயும்வரை எழாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நேற்று ஒரு தம்பதிக்கு நான் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.