மாமாவுக்காக வாங்கிய கதைகள்

மாலை நாலே காலுக்கு மருத்துவமனையிலிருந்து அக்கா இறந்த செய்தி வந்தது. மறுநாள் துக்கம் கேட்க வந்த வாடகை நூலகக்காரர் அக்காவின் கணவரான மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடல் கதை, காட்டுக் கதைன்னு உங்க அளவுக்குப் படிச்சவங்க என் கடையில யாருமே இல்ல சார். பொம்பளைங்க எங்க இதைத் தொடுறாங்க? அவங்களுக்குக் குடும்பக் கதைதான்."

மாமா கூச்சமே இல்லாமல் தலையாட்டினார். தங்கை கையிலிருந்த சொம்பை ணங்கென்று கீழே வைத்தாள். சாகசக் கதைகளை 'ஆண்கள் அலமாரி' என்று பிரித்து வைத்தவர் இந்த மனிதர்தான். அதில் ஒன்றைத் தனக்கென்று முதல் தடவை கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பில், தையல்காரியான அக்கா அதற்கப்புறம் இருபது வருடமும் "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லியே வாங்கிப் படித்தாள். மாமா ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

"படிச்சது யாருன்னு வாயைத் திறந்து சொல்லுங்க மாமா."

"போனவ போயிட்டா, இப்ப எதுக்கும்மா அது?"

"அப்ப கடைசியா எடுத்த புத்தகத்துல அந்தக் கப்பல் என்னாச்சு, சொல்லுங்க."

மாமா விட்டத்தைப் பார்த்தார். நூலகக்காரர் செருப்பைத் தேடினார்.

தையல் மெஷின்மேல் அந்தப் புத்தகம் அளவு நாடாவைச் செருகியபடி கிடந்தது. அக்கா படிக்க இன்னும் பதினெட்டுப் பக்கம் பாக்கி இருந்தது.