தலைவியின் வீட்டுக்காரர் நம்பர்

பதினைந்து வருஷம் பத்திரிகையில் பெண்ணியம் எழுதினேன். அதில் நான் அதிகம் திட்டியது ஊராட்சித் தலைவிகளின் கணவர்களைத்தான். தேர்தலில் ஜெயிப்பது மனைவி. நாற்காலியில் உட்காருவது, கூட்டத்தில் தொண்டையைச் செருமுவது, "தலைவர் பேசறேன்" என்று போனை எடுப்பது எல்லாம் ஐயா. தஞ்சாவூர் வட்டாரத்தில் ஒரு ஐயாவையும் நான் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் ஓர் அமைச்சர் கூப்பிட்டார். "பெண்கள் விஷயத்துல எங்களுக்கு ஆலோசனை சொல்லுங்கம்மா" என்றார். எழுதியது போதும், உள்ளே போய் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறேன் பார் என்று சிநேகிதிகளிடம் வீறாப்புப் பேசிவிட்டுச் சேர்ந்தேன். அமைச்சரின் பேச்சில் 'தாய்மார்களே' என்று இருந்ததைச் 'சகோதரிகளே' என்று மாற்றினேன். பெரிதாகக் கிழித்துவிட்டேன், போங்கள்.

திருவையாற்றில் ஊராட்சித் தலைவிகளுக்கு ஒரு மாநாடு. ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. ஒரு வாரம் முன்னால், பூதலூர்ப் பக்கத்துத் தலைவி ஒருவர் பஸ் பிடித்து என்னைத் தேடி வந்தார். நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதல் தடவை ஜெயித்தவர்.

"ரெண்டு நிமிஷம் மைக்க குடுங்கக்கா. எங்க வாய்க்கால தூர்வாரிட்டதா போர்டு வச்சிருக்காங்க. மம்பட்டியே படல. கடைசி வயலுக்குத் தண்ணி எட்டாம நாத்தெல்லாம் காயுது. அமைச்சர் காதுல நேராப் போடணும்."

"கண்டிப்பா பேசறீங்க" என்றேன். என் புண்ணியத்தில் ஒரு பெண் வாயைத் திறக்கப்போகிறாள் என்று எனக்கே புல்லரித்தது. போகும்போது என் நோட்டை வாங்கித் தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மாநாட்டுக்கு முந்தின நாள் நேரம் மாறியது. எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆபீஸ் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக இருந்த எண்ணை அழுத்தினேன்.

"தலைவர் பேசறேன்" என்றது ஆண் குரல்.

"நாளைக்குப் பத்து மணிக்கே வரச் சொல்லுங்க. தூர்வாராத வாய்க்கால் பத்திப் பேச அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன்."

"சரிங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன மரியாதை!

பார்த்துக்கொண்டார். மறுநாள் அவரே வெள்ளை வேட்டியில் மேடையேறி, "வீட்ல அவங்களுக்கு உடம்பு முடியலீங்க" என்றார். வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுவதாகச் சொல்லி அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். சகோதரிகள் கைதட்டினார்கள்.

அடுத்த நாள் காலையில் அந்த ஊருக்கு ஓடினேன். தலைவி நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நாற்று பழுத்துக் கிடந்தது, அடியில் மண் வெடித்திருந்தது.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. கதவ வெளிய பூட்டிட்டுல்ல போனாரு. வாய்க்கால் வேலைய காண்ட்ராக்ட் எடுத்ததே அவருதான். வீட்ல சொல்லிப் பார்த்தேன், எடுபடல. அதனாலதான் உங்கள்ட்ட வந்தேன்."

நான் ஏதோ மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நோட்டுல எழுதிக் குடுத்தேனேக்கா. நீங்களுமா அவருக்குப் போன் போட்டீங்க?"

நோட்டு என் தோள்பையில்தான் இருந்தது.