விமானத்தைப் பிடித்து நிறுத்திய கைர்பெக்

கைர்பெக் வெறுங்கையால் விமானத்தைப் பிடித்து நிறுத்தினாராம். எங்கள் கஸாக் புல்வெளி நகரம் முழுக்க இதே பேச்சு. சந்தையில் குதிரைக்கறி விற்பவர் சொன்ன கதையில் விமானத்துக்குள் ஆட்கள் இருந்தார்கள். முடிதிருத்துகிறவர் சொன்னதில் எஞ்சினே ஓடிக்கொண்டிருந்தது. சரிபார்க்கலாம் என்று விமான நிலையத்துக்குப் போனால், வீரரோ தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறார். பெருமை பேசாத கஸாக் ஆண்பிள்ளை! அங்கேதான் சந்தேகம் பிறந்தது.

கைர்பெக்கின் வேலை, வந்து நின்ற விமானத்தின் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது. அவர் கை காட்டியதும் விமானி பிரேக்கைத் தளர்த்திவிடுவார்; இல்லாவிட்டால் எங்கள் ஜனவரியில் பிரேக் உறைந்து, சக்கரம் சுழல மறுக்கும். அதன் பிறகு அத்தனை டன் எடைக்கும் கட்டைதான் கதி. பனிக்கட்டித் தரையில் கட்டை வழுக்காமலிருக்க மணல் போட வேண்டும் என்பது விதி. பெட்டியிலிருக்கும் மணலே பாறையாக உறைந்துவிடும் என்பது விதிக்குத் தெரியாது. எனவே எங்கள் ஆட்கள் ஓய்வறைக் கெட்டிலை எடுத்துப்போய்க் கட்டையைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவார்கள். ஊற்றிய நீர் உறைந்து, கட்டை தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடிபட்டால் வேலை போய்விடும். ஆனாலும் எல்லோரும் செய்வார்கள்.

அன்று பனிப்புயல். விமானிகளும் பயணிகளும் உள்ளே போயாயிற்று. கைர்பெக் இறக்கைக்குக் கீழுள்ள முதல் சக்கரத்துக்கு முன்னால் நின்று கெட்டிலைச் சாய்த்தார். காற்று அந்த நீரில் பாதியை அவருடைய இடதுகால் கம்பளி பூட்ஸின் மேல் திருப்பிவிட்டது. அடுத்த சக்கரத்துக்கு நகரப் பார்த்தார். கால் வரவில்லை. பூட்ஸை விட்டுக் காலை மட்டும் உருவப் பார்த்தார். ஈரக் கம்பளி தகரக் குழாயாக விறைத்துக் கணுக்காலைக் கவ்விக்கொண்டிருந்தது. வாக்கி டாக்கியோ, குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று, ஓய்வறை அடுப்பருகே சுகமாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று பின்னாலிருந்து விமானத்தைத் தள்ளியது. வெந்நீர் காணாத இன்னொரு கட்டை தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. அவர் முன்னாலிருந்த கட்டையைச் சுற்றியும் பனிக்கட்டி முனகியது. அது விட்டுக்கொடுத்தால் சக்கரம் முதலில் ஏறப்போவது அவர் மேல்தான். விழாமலிருக்க டயரின் மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டார். பிறகு உதவி கேட்டு ஒரு கையை மட்டும் எடுத்து ஆட்டினார். நிலையக் கட்டட ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஷிப்டு அதிகாரி ரௌஷான் அம்மாள் அன்போடு பதிலுக்குக் கையசைத்தார்.

கடைசியில் இழுவை வண்டி ஓட்டும் தொலெகென் அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன தம்பி, கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிற? சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?"

"கால் ஒட்டிக்கிச்சு அண்ணே."

தொலெகென் கெட்டிலைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "இன்னொரு கெட்டில் கொண்டாரட்டுமா?"

"அப்புறம் இன்னொரு காலும் போயிரும். அண்ணே, கட்டை நழுவுது. முதல்ல அதைப் பாருங்க."

தொலெகென் சிரிப்பை நிறுத்தினார். வண்டியை விமானத்தின் மூக்குச் சக்கரத்தோடு இழுவைக் கம்பியால் பிணைத்து விமானத்தை அசையாமல் நிறுத்தினார். பிறகு வண்டியில் வைத்திருந்த கறி வெட்டும் கத்தியால் பூட்ஸைக் கிழித்துக் காலை மீட்டார். தன் இடதுகால் பூட்ஸைக் கைர்பெக்குக்குக் கொடுத்துவிட்டு, தன் காலை நரித்தோல் குல்லாய்க்குள் திணித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

ஜன்னல் வழியே ரௌஷான் அம்மாள் கண்டது, சக்கரத்தில் கை வைத்து ஒருவர் நெடுநேரம் நின்றதை மட்டும்தான். மறுநாளே பாராட்டு விழா. கைர்பெக் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். தொலெகென் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ வாயைத் தொறந்தா கெட்டிலும் வெளிய வரும். ஒன்கூட நாங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போவணும்."

இப்போது வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் குளிர்காலப் பாதுகாப்பு பற்றிக் கைர்பெக்தான் வகுப்பெடுக்கிறார். எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். காலை அழுத்தமாக ஊன்றி நின்றேன் என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. அன்று அவர் போட்டிருந்தது என்று நம்பி, தொலெகென் கொடுத்த அந்த இடதுகால் பூட்ஸையும் ரௌஷான் அம்மாள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஒற்றைக் காலில் தன் மச்சானின் பழைய பூட்ஸோடு நடக்கும் தொலெகென், அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் நின்று கைர்பெக்கைப் பார்ப்பார்.

"தர்றேன் அண்ணே," என்பார் கைர்பெக், மெதுவாக.