மண்டோர் பூனைக்குத் தெள்ளு மருந்து வைத்த கதை

மலேசியாவில் லாபு பக்கத்துத் தோட்டத்தில், புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்தடிக்கும் கும்பலை மேய்க்கும் மண்டோராக இருபத்தெட்டு வருடம் இருந்தவர் திருச்செல்வம். வேலையை விட்டு ஏழு வருடமாகிறது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்னமும் விடிந்ததும் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிறவர் மாதிரி லயத்து வீட்டு வரிசையைப் பார்ப்பார். அவர் அதட்டுவதற்கு மிச்சமிருந்தவர்கள் மூன்று பேர்: மனைவி குமுதவல்லி, நாய் ஜிம்மி, பூனை வெள்ளச்சி. மூவரில் நாய் மட்டும்தான் அவர் சொன்னதைக் கேட்டது. அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

குமுதவல்லியும் அந்தக் கும்பலில் இருந்தவள்தான். செம்பனைக்கு நடுவே பத்தொன்பது வருடம் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்தவள். கும்பலில் எல்லாரும் அவரை மண்டோர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவரையே கட்டிக்கொண்ட பிறகும் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். மரியாதை மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

மண்டோருக்கு மருந்து தெரியும் என்பது தோட்டம் முழுக்கப் பேச்சு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் டின்னின் மேலிருக்கும் வண்ணக் கோடு. கறுப்பு என்றால் கிட்டப் போகாதே, சிவப்பு என்றால் பயப்படு, மஞ்சள் என்றால் பார்த்துச் செய். நீலமும் வெள்ளையும் அவருக்குத் தண்ணீர் மாதிரி. கோட்டுக்கு மேலும் கீழும் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. படிப்பது ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை என்பார்.

இந்த முறை மழை விட்டதும் வீட்டில் தெள்ளுப்பூச்சி கிளம்பிவிட்டது. உட்கார்ந்தால் கணுக்காலில் கடி. ஜிம்மி பின்னங்காலால் சொறிந்து சொறிந்து முதுகைப் புண்ணாக்கிக்கொண்டது. வெள்ளச்சி ராத்திரியெல்லாம் தூங்காமல் தன்னையே நக்கிக்கொண்டு கிடந்தது. குமுதவல்லி பேன்சீப்பை எடுத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர். கழுத்திலும் வால் அடியிலும் வாரி, சீப்பில் சிக்கியதைத் தண்ணீரில் முக்கினாள். கறுப்புப் புள்ளி புள்ளியாகச் செத்து மிதந்தன. இரண்டும் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டாள். அலமாரிக்கு அடியில், பாய்க்கு அடியில் என்று ஓர் இடுக்கு விடாமல் கூட்டினாள். தெள்ளு உடம்பில் குடியிருந்தாலும் முட்டை விழுவது படுக்கிற இடத்தில்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

மண்டோர் நாற்காலியில் சாய்ந்து இதை வேடிக்கை பார்த்தார். நூறு ஏக்கர் புல்லைக் கருக்கியவர் வீட்டில் சீப்பை வைத்துத் தெள்ளு பிடிப்பதா என்று சிரித்தார். எழுந்து வந்து ஒரு சாக்கை உதறிப் போட்டிருந்தால் அந்தச் சிரிப்பைக் கூட மன்னித்திருக்கலாம்.

அடுத்த வீட்டு விக்டர் தன் நாய்க்குச் சிரம்பான் டவுனில் தெள்ளுக்கான சொட்டு மருந்து வாங்கி வைத்தான். பிடரியில் முடியை விலக்கித் தோலில் விட்டால் போதும், அவன் நாய்க்குத் தெள்ளு போய்விட்டது. அவனிடமே சொல்லி மண்டோரும் ஒரு பெட்டி வாங்கினார். பெட்டியில் அழகுக்காக ஒரு நீலக் கோடு ஓடியது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. காலையில் ஜிம்மிக்கு வைத்தார். மருந்துக் குழாயில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். நாய் இருபது கிலோ, பூனை நாலு கிலோ, ஆக ஐந்தில் ஒரு பங்கு. பம்புக்கு மருந்து கலந்த அதே மூளை. குமுதவல்லி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெள்ளச்சியின் பிடரியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூனை வரவில்லை. குமுதவல்லி தேடிப் பார்த்தபோது அலமாரிக்கு அடியில் கிடந்தது. காது துடித்தது. பிறகு கால் துடித்தது. வாயில் எச்சில் வழிய, உடம்பு முழுவதும் விட்டு விட்டு நடுங்கியது. பிடரி முடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தவளுக்கு மண்டோர் என்ன செய்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. அவர் நிதானமாக வந்து குனிந்து பார்த்தார்.

"வெயில் மயக்கம்லா. நிழல்ல போடு, சரியாப் போயிரும்."

இந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பதினேழு வருடத்துக்கு முன் கும்பலில் கூட வேலை செய்த மரியகொரெட்டியின் பம்பு கசிந்து முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவள் இப்படித்தான் வாயில் எச்சில் வழிய நடுங்கினாள். குமுதவல்லி சோப்பும் ஒரு வாளித் தண்ணீருமாக ஓடினாள். மண்டோர் வழியை மறித்தார். இது வெயில் மயக்கம், நிழலில் போடு, அந்தத் தண்ணீர் மருந்து கலக்குவதற்கு என்றார். குமுதவல்லி வாளியைக் கீழே வைத்தாள். கொரெட்டி பிழைத்தாள். இப்போது சிரம்பானை ஒட்டிய ராசாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். வலது கை நடுக்கம் மட்டும் போகவே இல்லை. அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் குமுதவல்லி தானே கோப்பி ஊற்றுவாள், அரைக் கோப்பைதான் ஊற்றுவாள். மண்டோர் சொல்லி வாளியைக் கீழே வைத்ததற்காக அவள் தன்னையும் மன்னித்ததில்லை.

இந்த முறை அவள் எதையும் கீழே வைக்கவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுப் பிடரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வாசலில் நின்று மண்டோர், நனைந்த பூனைக்குச் சளி பிடிக்கும் என்று எச்சரித்தார். அவள் துண்டில் பூனையைச் சுற்றி, போகிற போக்கில் குப்பைத் தொட்டியில் கை விட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு விக்டரின் காரில் ஏறினாள். மண்டோரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, எந்தச் சாலையில் போனால் நெரிசல் இல்லை என்று சிரம்பான் வரைக்கும் விக்டருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் சின்ன வயதுப் பெண் டாக்டர். பெட்டியைத் திருப்பி மேசையில் வைத்தாள். நீலக் கோட்டுக்குக் கீழே, கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு பூனைப் படம். அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. நாய்க்கு ஒன்றும் செய்யாத இந்த மருந்தைப் பூனையின் உடம்பு தாங்காது, ஒரு சொட்டே அதிகம், முதலில் கழுவியது நல்லதாகப் போயிற்று என்று மலாயில் சொன்னாள். மருந்து வைத்தது யார் என்றும் கேட்டாள். இருபத்தெட்டு வருட மண்டோர் சுவரிலிருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தார். எழுத்துப் படிக்க வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளச்சி இரண்டு நாள் கிளினிக்கில் கிடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, தள்ளாடியபடியே போய்க் குமுதவல்லியின் மடியில் படுத்துக்கொண்டது. சாயங்காலம் விக்டர் பார்க்க வந்தான். குமுதவல்லி பேன்சீப்பும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தாள். மண்டோர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நாய் மருந்த பூனைக்கு வைக்கவே கூடாது, விக்டர். தப்பித் தவறிப் பட்டுட்டா ஒடனே சோப்புப் போட்டுக் கழுவிறணும். மருந்து வெசயத்துல அனுபவம் பேசும்லா."

குமுதவல்லி சீப்பை நிறுத்தினாள்.

"ரெண்டு தடவையும் நீங்க சொன்னது வெயில் மயக்கம்னு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு ராசாவுக்குப் போறேன், கொரெட்டியப் பாக்க. இந்த அனுபவத்த அங்க வந்து அவகிட்ட சொல்லுங்க."

விக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த இரண்டு தடவை என்று அவரைப் பார்த்துக் கேட்டான். மண்டோர் செருப்பைத் தேடுகிறவர் போலக் கீழே குனிந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.